பணிக்கர் வில்லில் ஒரு பகல்

வில்பத்துக்குப் போகவேண்டும் என்று மாமா கேட்டபோது எனக்கு ஆச்சரியமாக இருந்தது. காட்டு விலங்குகளைப் பார்ப்பதற்குக் காசு கொடுத்து ஜீப் வண்டி பிடிப்பவர்களைப் பகிடி பண்ணுபவர் அவர். "கரடியும் யானையும் எங்கட வேலியடிக்கு வந்த சாமான். அதுக்கும் டிக்கட்டா?" என்பார். மறிச்சுக்கட்டியில் பிறந்து, 1990இல் அங்கிருந்து வெளியேற்றப்பட்டு, முப்பது வருடங்களுக்கும் மேலாகப் புத்தளத்தில் வாழ்பவர். எழுபத்தைந்து வயதைத் தாண்டிய பிறகுதான் இந்த ஆசை வந்திருக்கிறது. "குதிரைமலையில ஒருக்கா நிற்கவேணும் மகன்" என்றார். காரணம் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

ஜூலை மாதத்தில் ஒரு நாள், சுபஹுத் தொழுகையை முடித்துக்கொண்டு புத்தளத்திலிருந்து அநுராதபுர வீதியால் புறப்பட்டோம். மாமா, நான், பல்கலைக்கழகத்தில் படிக்கும் என் மகள் ஆகிய மூவர். பிரதான வீதியிலிருந்து வடக்கே பிரியும் பாதையால் ஹுனுவிலகம நுழைவாயிலை அடைந்தபோது விடிந்து சிறிது நேரமே ஆகியிருந்தது. ஜீப் சாரதி பக்கத்துக் கிராமத்துச் சிங்கள இளைஞர். மாமாவின் நரைத்த தாடியையும் தொப்பியையும் பார்த்து, கைபிடித்து ஏற்றி முன் ஆசனத்தில் அமர்த்தினார்.

வில்பத்து 1905இல் சரணாலயமாகவும் 1938இல் தேசிய பூங்காவாகவும் பிரகடனப்படுத்தப்பட்டது. ஏறத்தாழ 1,300 சதுர கிலோமீற்றர் பரப்பைக் கொண்ட இதுவே நாட்டின் மிகப் பெரிய தேசிய பூங்கா. தெற்கே கலா ஓயா, வடக்கே மோதரகம் ஆறு, மேற்கே கடல். இந்தக் காட்டுக்குப் பெயரைக் கொடுத்தவை இங்குள்ள வில்லுகள். வில்லு என்பது மனிதன் கட்டிய குளம் அல்ல. அணைக்கட்டு இல்லை, மதகு இல்லை, உள்ளே வந்து விழும் ஆறும் இல்லை. மணற் பாங்கான நிலத்தின் பள்ளங்களில் மழைநீர் தேங்கி உண்டான இயற்கைத் தடாகங்கள் அவை. பெரும்பாலானவை நன்னீர். ஒருசிலவற்றில் உப்புக் கரிக்கும். கோடையில் அடர்ந்த காட்டுக்குள் நெடுநேரம் ஓடிய பின் திடீரென்று மரங்கள் விலகி, புல்வெளி சூழ்ந்த நீர்ப்பரப்பொன்று கண்முன் விரியும். அப்படியொரு வில்லின் கரையில் முதன்முதலாக வண்டி நின்றபோது என் மகள் மூச்சை இழுத்துக்கொண்டாள். புள்ளிமான் கூட்டம் ஒன்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. சற்றுத் தள்ளி, வாயைப் பிளந்தபடி ஒரு முதலை வெயில் காய்ந்தது. மறுகரையில் சங்குவளை நாரைகள் சேற்றைக் கிளறின.

மாமா மான்களைப் பார்க்கவில்லை, மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். "பாலை, வீரை, முதிரை, கருங்காலி" என்று பெயர் சொல்லிக்கொண்டே வந்தார். பாலைப் பழம் உதிரும் காலம் அது. பழத்துக்காகக் கரடி மரமேறும், ஆகவே இந்த மாதங்களில் கரடியைக் காண வாய்ப்பு அதிகம் என்று சாரதி சொன்னதை நான் மொழிபெயர்த்தேன். மாமா சிரித்தார். "அதை எனக்குச் சொல்லித்தாறாரா? எங்கட பக்கத்து ஊருக்குப் பேரே கரடிக்குளி. அதுக்கு அங்கால பாலைக்குளி. சும்மாவா பேர் வச்சாங்க?"

அந்த வார்த்தைதான் அன்றைய பகல் முழுவதும் என்னைத் தொடர்ந்து வந்தது.

முசலிப் பிரதேசத்தின் ஊர்ப்பெயர்களை ஒருமுறை வரிசைப்படுத்திப் பாருங்கள். கரடிக்குளி, பாலைக்குளி, வேப்பங்குளம், மருதமடு, பூநொச்சிக்குளம், அகத்திமுறிப்பு. விலங்கும் மரமும் நீரும் சேர்ந்த பெயர்கள். காட்டை அழித்துவிட்டு ஊர் அமைத்தவர்கள் கரடியின் பெயரை ஊருக்கு வைத்திருக்கமாட்டார்கள். கரடி வரும் என்பதைத் தெரிந்துகொண்டே, அதன் பக்கத்தில் குடியிருந்தவர்கள் வைத்த பெயர்கள் இவை. வரலாற்று ஆவணங்களைத் தேடி நாம் சுவடிக்கூடங்களுக்குப் போகிறோம். போகத்தான் வேண்டும். ஆனால் எழுதப்படாத மக்களின் முதல் ஆவணம் அவர்கள் இட்ட பெயர்களே.

பூங்காவுக்குள்ளேயும் அப்படி ஒரு பெயர் இருக்கிறது. சிங்களத்தில் பணிக்க வில, தமிழில் பணிக்கர் வில்லு. பணிக்கர் என்பது கேரளத்துச் சாதிப்பெயராகவே இன்று பலருக்குத் தெரியும். இலங்கையில் அது யானை பிடிப்போரைக் குறித்த பெயர். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இங்கே குடியேற்றச் செயலாளராக இருந்த சேர் ஜேம்ஸ் எமர்சன் டெனன்ட், 1859இல் வெளிவந்த தமது இலங்கை பற்றிய பெருநூலில் இவர்களைப் பற்றி வியப்போடு எழுதுகிறார். வடக்கிலும் வடமேற்கிலும் உள்ள சோனகர் கிராமங்களைச் சேர்ந்தவர்கள் என்று அவர்களை அடையாளம் காட்டுகிறார். தோலில் முறுக்கிய கயிறு மட்டுமே அவர்களின் கருவி. இருவர் சேர்ந்து யானையைத் தொடர்ந்து போய், பின்காலில் சுருக்கை மாட்டி, கயிற்றின் மறுமுனையை மரத்தில் கட்டிவிடுவார்களாம். மிதிபட்ட புல்லையும் முறிந்த கிளையையும் கொண்டே யானை எவ்வளவு நேரத்துக்கு முன் சென்றது என்று கணித்தவர்கள் அவர்கள். பிடித்த யானைகள் இந்திய அரசர்களுக்காகக் கடல் கடந்தன. ஊர்காவற்றுறையைப் போர்த்துக்கேயர் யானைத்துறை என்ற பொருள்பட அழைத்ததும், ஆனையிறவு என்ற பெயரும் அந்த வாணிபத்தின் தடயங்களே.

இதை நான் சொல்லிக்கொண்டிருந்தபோது மகள் ஒரு கேள்வி கேட்டாள். "அப்ப, யானையைப் பிடிச்சு வித்தவங்களும் நாங்கதானே வாப்பா?" ஆம் என்றேன். அதை மறைக்க முடியாது. மறைத்தால் அது வரலாறு ஆகாது.

பத்து மணி போல் சாரதி வண்டியைச் சட்டென்று நிறுத்தினார். "கொட்டியா!" என்றார் தணிந்த குரலில். மாமாவின் கை முன்னிருந்த கம்பியை இறுகப் பற்றியது. சிங்களத்தில் சிறுத்தைக்கும் அதே சொல், இயக்கத்துக்கும் அதே சொல். பாதையின் ஓரத்தில், காய்ந்த இலைகளின் மேல், சிறுத்தை ஒன்று படுத்திருந்தது. எங்களை ஒருமுறை பார்த்தது. பிறகு எழுந்து, அவசரமில்லாமல் பாதையைக் கடந்து பற்றைக்குள் மறைந்தது. ஒரு நிமிடம்கூட இராது. மாமா கையை விட நேரமெடுத்தது. "நான் வேற என்னவோ நினைச்சிட்டன்" என்றார். சாரதிக்கும் அது புரிந்திருக்க வேண்டும். அவர் சிரிக்கவில்லை.

அந்தக் காட்டுக்கு அந்த நினைவுகளும் உண்டு. 1985 மே 14ஆம் திகதி அநுராதபுரத்தில் பொதுமக்களைக் கொன்ற விடுதலைப் புலிகளின் அணி, அன்றைய தினமே வில்பத்தில் பணியிலிருந்த சிங்கள ஊழியர்களையும் கொன்றது. அதன்பின் நீண்ட காலம் பூட்டிக் கிடந்த பூங்கா, சமாதான உடன்படிக்கைக் காலத்தில் 2003இல் மீண்டும் திறக்கப்பட்டது. 2006 மே 27ஆம் திகதி இங்கே நிலக்கண்ணியில் சிக்கி இறந்தவர்களில் ஒருவர் எழுத்தாளர் நிஹால் டி சில்வா. இராணுவ அதிகாரி ஒருவனும் புலிகள் இயக்கப் பெண்ணொருத்தியும் இதே வில்பத்துக் காட்டினூடே சேர்ந்து நடந்து போவதை ஆங்கிலத்தில் நாவலாக எழுதி 2003ஆம் ஆண்டின் கிரேஷன் பரிசைப் பெற்றவர் அவர். பறவைகளையும் விலங்குகளையும் நேசித்த அந்த மனிதர், தாம் எழுதிய காட்டிலேயே உயிரிழந்தார். அதன்பின் மூடப்பட்ட காடு, போர் முடிந்த பிறகே மீண்டும் உல்லாசப் பயணிகளுக்காகத் திறந்தது.

இறங்குவதற்கு அனுமதிக்கப்பட்ட ஓரிடத்தில், மருத மர நிழலில், சாப்பாட்டுப் பார்சலைப் பிரித்தோம். சாரதிக்கும் ஒன்று கொண்டுவந்திருந்தோம். சாப்பாட்டின்போது மகளுக்கு இப்னு பதூதாவின் யானைக் கதையைச் சொன்னேன். 1344இல் மாலைதீவிலிருந்து வந்த அந்த மொரோக்கோ நாட்டுப் பயணி கரையிறங்கிய பத்தாளா என்ற துறை நமது புத்தளமே என்று கொள்ளப்படுகிறது. அங்கே ஆரியச் சக்கரவர்த்தியைச் சந்திக்கிறார். அரசனின் முன்னால் முத்துக்கள் தரம் பிரிக்கப்பட்டுக்கொண்டிருக்கின்றன. என்ன வேண்டும் என்று கேட்ட அரசனிடம் பாவா ஆதம் மலைக்குப் போக வழி மட்டுமே கேட்கிறார். அரசன் பல்லக்கும் வழித்துணையும் கொடுத்து அனுப்புகிறான். அவர் போன வழி புத்தளத்துக்குத் தெற்கே அமைந்தது. வில்பத்தை அவர் கடக்கவில்லை. ஆனால் அந்த வழியில் கேட்டதாக அவர் சொல்லும் கதை இந்தக் காட்டுக்கும் பொருந்தும்.

ஷீராஸ் நகரத்து ஷெய்கு இப்னு கஃபீஃப், முப்பது பக்கீர்களுடன் மலைக்குப் போகும்போது காட்டில் வழி தவறிவிடுகிறது. பசி. ஒரு யானைக்குட்டியைக் கொன்று தின்னலாமா என்று அவர்கள் கேட்க, ஷெய்கு வேண்டாம் என்கிறார். அவர்கள் கேட்கவில்லை. கொன்று தின்கிறார்கள். ஷெய்கு மட்டும் தொடவில்லை. இரவில் யானைக் கூட்டம் வருகிறது. தூங்கியவர்களை ஒவ்வொருவராக முகர்ந்து பார்த்துக் கொன்றுவிடுகிறது. ஷெய்கை முகர்ந்த யானை அவரைத் தும்பிக்கையால் தூக்கித் தன் முதுகில் வைத்து, மனிதர் வாழும் இடத்தில் கொண்டுபோய் இறக்கிவிடுகிறது. அதன் பிறகே அந்நாட்டு மக்கள் முஸ்லிம்களைக் கண்ணியப்படுத்தத் தொடங்கினர் என்று இப்னு பதூதா எழுதுகிறார்.

மாமா சோற்றைப் பிசைந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். "அப்ப யானை ஆளைப் பார்த்து இல்ல, கையைப் பார்த்துத்தான் தீர்ப்புச் சொல்லியிருக்கு" என்றார்.

பகலுக்குப் பின் குதிரைமலையை அடைந்தோம். மலை என்று பெயர் இருந்தாலும் அது கடலுக்கு மேலே நிமிர்ந்து நிற்கும் செம்மண் முனைதான். அந்தச் செம்பு நிற மண்ணைக் காட்டித்தான் விஜயன் வந்திறங்கிய தம்பபண்ணி இதுவே என்பர் சிலர். அல்லியரசாணியின் கோட்டை இங்கே இருந்தது என்பது தமிழரிடையே வழங்கும் கதை. உரோம எழுத்தாளர் பிளினி, கிளாடியஸ் பேரரசர் காலத்தில் புயலில் அடிபட்டு வந்த கப்பலொன்று இலங்கையில் ஹிப்புரோஸ் என்ற துறையை அடைந்ததாக எழுதியிருக்கிறார். கிரேக்கத்தில் குதிரையைக் குறிக்கும் சொல் அதில் ஒலிப்பதால், அது குதிரைமலையே என்று கருதுவோர் உண்டு. இங்கிருந்து தெற்கே, பூங்காவின் எல்லைக்குள் இருக்கும் பொம்பரிப்பில் தாழிகளில் இறந்தோரை அடக்கம் செய்த பெருங்கற்காலத்து ஈமக்காடு அகழ்ந்தெடுக்கப்பட்டுள்ளது. தாமிரபரணிக் கரையிலுள்ள ஆதிச்சநல்லூர்த் தாழிகளோடு அவை ஒப்பிடப்படுகின்றன. சிங்களவர், தமிழர், உரோமர், அரேபியர் எனப் பலருடைய கதைகளும் ஒரே முனையில் வந்து மோதுகின்றன. மனிதக் காலடி படாத காடு என்று சுற்றுலாப் பிரசுரங்கள் எழுதுவதெல்லாம் வெறும் அழகான சொற்றொடர்கள்.

மாமா வடக்கே பார்த்தபடி நின்றார். அந்தத் திசையில், மோதரகம் ஆற்றுக்கு அப்பால், மறிச்சுக்கட்டி. அங்கிருந்து ஊர் தெரியாது. கரையும் கடலும்தான் தெரியும்.

அதே கரையில் 1906இல் முத்துக்குளிப்பு நடந்தபோது அரசாங்க உத்தியோகத்தராக அங்கே கடமையாற்றியவர் லெனார்ட் வூல்ஃப். வெறும் மணற்கரையில் சில வாரங்களுக்குள் ஒரு நகரம் முளைத்தது. பாரசீக வளைகுடாவிலிருந்து அராபியரும், இந்தியக் கரையிலிருந்தும் இலங்கையிலிருந்தும் தமிழரும் சோனகருமாக ஆயிரக்கணக்கான குளியாட்கள் வந்தனர். கொட்டு எனப்பட்ட வேலியடைப்புக்குள் சிப்பிகள் மூன்று பங்காகக் குவிக்கப்படும். இரண்டு பங்கு அரசாங்கத்துக்கு, ஒரு பங்கு குளித்தவனுக்கு. சில வருடங்களின் பின், 1913இல், வூல்ஃப் ஒரு நாவலை வெளியிட்டார். தென்னிலங்கைக் கிராமமொன்றைக் காடு கொஞ்சம் கொஞ்சமாக விழுங்கிவிடும் கதை அது. அவர் உத்தியோகம் பார்த்த மறிச்சுக்கட்டிக்கும் அக்கதி ஒரு நாள் நேரும் என்று அவர் எண்ணியிருக்கமாட்டார்.

1990 ஒக்டோபர் இறுதியில் வட மாகாணத்து முஸ்லிம்கள் ஏறத்தாழ 75,000 பேர் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்டது நம் வாசகர்கள் அறிந்த வரலாறு. மாமா அதைப் பற்றி அதிகம் பேசமாட்டார். அன்று குதிரைமலையில் நின்றபோதுதான் பேசினார்.

"எங்கட வள்ளம் இதால போகேக்க விடிஞ்சிட்டுது மகன். பின்னால பார்த்தா ஊர் மறைஞ்சிட்டு. இந்தச் செவப்பு முனை மட்டும் தெரிஞ்சது. உன்ட மாமி, இதுவும் மறைஞ்சா எல்லாம் முடிஞ்சுது எண்டாள். கற்பிட்டி போகும் வரைக்கும் நான் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனன். கடல்ல இருந்து பார்த்த இடத்தில ஒருக்கா நின்டு கடலைப் பார்க்கவேணும் எண்டு அண்டைக்கே நினைச்சன்."

மாமி இறந்து ஆறு வருடங்கள் ஆகின்றன.

போர் முடிந்த பிறகு 2010இல் மாமா ஊருக்குப் போனார். வீடு நின்ற இடத்தை ஒரு புளிய மரத்தையும் கிணற்றையும் கொண்டுதான் கண்டுபிடித்தாராம். கிணற்றுக்குள்ளிருந்து வீரை மரமொன்று வளர்ந்திருந்தது. இருபது வருடம் மனிதர் இல்லாத நிலத்தில் காடு தன் வேலையைச் செய்திருந்தது. 2012 ஒக்டோபரில் அந்தப் பிரதேசத்துக் காடுகள் வர்த்தமானி மூலம் ஒதுக்கப்பட்டன. 2017இல் மாவில்லு உட்பட ஏறத்தாழ 40,000 ஹெக்டேயர் பாதுகாக்கப்பட்ட வனமாகப் பிரகடனமாயிற்று. மாமாவின் காணி எந்தக் கோட்டுக்கு இந்தப் பக்கம், எந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் என்று ஒரு காரியாலயம் இன்னொரு காரியாலயத்தைக் கைகாட்டியது. அவருடைய கோப்பு இன்னும் எங்கோ இருக்கிறது.

இந்த விவகாரம் நாடு முழுவதும் 'வில்பத்து' என்ற பெயரிலேயே பேசப்பட்டது. முசலியின் அந்த ஊர்கள் வில்பத்து தேசிய பூங்காவின் எல்லைக்கு வடக்கே, அதற்கு வெளியே இருப்பவை என்பதை நாம் எவ்வளவோ சொன்னோம். அது உண்மை, தொடர்ந்தும் சொல்லவேண்டும். அதே வேளையில், 2020 நவம்பரில் மேன்முறையீட்டு நீதிமன்றம் கல்லாறு வனப் பகுதியில் நடந்த காடழிப்பு சட்டவிரோதமானது என்று தீர்ப்பளித்து, அங்கே மீண்டும் மரம் நடும்படி உத்தரவிட்டதும் உண்மை. முதலாவதைச் சொல்லிவிட்டு இரண்டாவதை விழுங்குவது நமக்கு அழகல்ல. மீள்குடியேறும் உரிமை வேறு, அதன் பெயரால் எதையும் வெட்டலாம் என்பது வேறு. பாதிக்கப்பட்டவர்கள் நாம் மட்டுமா என்றும் பார்க்கவேண்டும். பக்கத்து முள்ளிக்குளத்துக் கத்தோலிக்கத் தமிழர்கள் 2007இல் வெளியேற்றப்பட்டு, அவர்களின் ஊரில் கடற்படை முகாம் அமைந்தது. அவர்களும் தங்கள் ஊருக்காகப் பல வருடம் போராடினார்கள்.

நமது வரலாற்றை நாம் எப்படி எழுதப்போகிறோம் என்பதே என் கேள்வி. காட்டை வெறும் காடென்று பார்ப்பவர்கள் அங்கிருந்த ஊரைக் காணத் தவறுகிறார்கள். ஊரை மட்டும் பார்க்கும் நாம் அங்கே வளர்ந்துவிட்ட மரத்தைக் காணத் தவறக்கூடாது. கரடிக்குளி என்ற பெயர் இரண்டு தரப்புக்கும் பதில் சொல்கிறது. குளியும் இருந்தது, கரடியும் இருந்தது. ஒன்றை அழித்து மற்றொன்று வாழவில்லை. நமது உரிமைக்கு இதைவிடப் பெரிய சாட்சியை எந்த வர்த்தமானியும் தராது. ஆனால் அந்தச் சாட்சி நம்மையும் கட்டுப்படுத்தும்.

மாலையில் திரும்பும் வழியில் பணிக்கர் வில்லின் கரையில் வண்டி நின்றது. வெயில் தாழ்ந்திருந்தது. நான்கு யானைகள், அவற்றின் காலிடுக்கில் ஒரு குட்டி. சாரதி எஞ்சினை அணைத்தார். காற்று எங்கள் பக்கமிருந்து வீசியது போலும். பெரிய பெண்யானை தலையைத் திருப்பி, தும்பிக்கையை உயர்த்தி, எங்கள் திசையில் நெடுநேரம் முகர்ந்தது. மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். மாமா முணுமுணுப்பதுபோல் ஏதோ ஓதினார். பிறகு யானை தும்பிக்கையைத் தாழ்த்தி, திரும்பவும் தண்ணீர் குடிக்கத் தொடங்கியது.

கரடியைக் காணவில்லையே என்று நுழைவாயிலில் சாரதி வருத்தப்பட்டார். பரவாயில்லை என்று சொல்லச் சொன்னார் மாமா.

புத்தளம் வந்து சேரும்வரை அவர் ஊரின் இடப்பெயர்களைச் சொல்லிக்கொண்டே வந்தார். வயல்களின் பெயர், மடுக்களின் பெயர், மாடு கட்டிய வெளிகளின் பெயர், தனி மரங்களின் பெயர். எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர்கள். மகள் கைத்தொலைபேசி வெளிச்சத்தில் கொப்பியில் எழுதினாள். வீட்டு வாசலில் இறங்கும்போது நாற்பத்திரண்டு பெயர்கள் சேர்ந்திருந்தன. இன்னும் இருக்கிறது, நாளைக்குச் சொல்கிறேன் என்றார்.